கூழுக்குளத்தின் கலிங்கு

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் ரத்தத்திலேயே ஊறியது. அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, கை கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, துணி அலசிய தண்ணீர் தென்னைக்கு. விருந்தாளிக்கு மோர் எத்தனை சொம்பு வேண்டுமானாலும் கொடுப்பார்கள்; கால் கழுவத் தண்ணீர் கொடுக்கும்போது மட்டும் அரைச் சொம்போடு நிறுத்திக்கொள்வார்கள். நான் கோபிப் பக்கத்து வாய்க்கால் பாசன ஊரிலிருந்து அவினாசிப் பக்கத்து இந்த மேட்டாங்காட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் வாசலுக்குத் தாராளமாகத் தண்ணீர் தெளித்தேன் என்று ஊரே கூடிச் சிரித்தது. "கோபித் தண்ணித் திமிரு" என்று எனக்குப் பேர் வைத்தார்கள். அந்தத் திமிர் இன்றைக்கும் போகவில்லை, போகவும் விடமாட்டேன்.

இப்படிப்பட்ட ஊருக்கு மேற்கே ஒரு குளம் இருக்கிறது. கூழுக்குளம் என்று பேர். ராஜா வெட்டியதல்ல, ஜமீன் வெட்டியதும் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் உலகம் முழுக்க வியாபாரம் படுத்துப்போய், இங்கே காடு நிறையப் பருத்தி வெடித்தும் வாங்க ஆளில்லாமல் போன சமயம் ஒன்று உண்டு. விலை விழுந்த காலம் என்று ஊரில் சொல்வார்கள். மழை பெய்தும் வந்த பஞ்சம் அது. காட்டுக்காரனே சுருண்டு போனபோது, அவனிடம் கூலிக்குப் போனவர்கள் கதி என்ன? அந்தச் சனங்களுக்கு ஏதாவது வேலை கொடுத்துச் சோறு போட வேண்டும் என்று சர்க்கார் தொடங்கியதுதான் குளத்து வேலை. ஆணும் பெண்ணும் கூடை சுமந்தார்கள். கொட்டிய மண்மேல் ஆட்டுப் பட்டியை ஏற்றி மிதிக்கவிட்டுக் கரையை இறுக்கினார்கள். மத்தியானம் தொட்டி வைத்துக் கூழ் ஊற்றினார்கள். அதனால்தான் அந்தப் பேர். இதற்கு மேல் ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. கல்வெட்டு கிடையாது. யார் வெட்டினது என்று கேட்டால், "அதுங்களா, சோத்துக்கில்லாத சனம் வெட்டுனதுங்க" என்பார்கள், எறும்பு புற்று வைத்ததைச் சொல்கிற மாதிரி.

கோடையில் குளம் வற்றினால் நடுவில் முழங்கால் உயரத்துக்கு நாலைந்து மண்மேடுகள் தெரியும். எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று அளப்பதற்காக வெட்டாமல் விட்டுவைத்த மண் அது. அளந்து முடித்ததும் உடைத்திருக்க வேண்டும், யாரோ மறந்துபோயிருக்கிறார்கள். மாடுகள் அதில் கழுத்தைச் சொறிந்துகொள்ளும். நானும் அதைத் தாண்டி எத்தனையோ தடவை விறகுக்குப் போயிருக்கிறேன். ஒரு நாளும் எதுவும் தோன்றியதில்லை.

கரையின் வடக்குக் கோடியில் கலிங்கு. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்கு விட்ட வாசல் அது. வரிசையாக நட்ட கல்தூண்கள், தூணுக்குத் தூண் பலகை சொருகக் காடி. மழைக்காலம் முடிகிற மார்கழியில் பலகையைச் சொருகிக் களிமண் அப்பினால் குளத்தில் கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். ஐப்பசி பிறக்கும் முன் பலகையை எடுத்துவிட வேண்டும். ஊரே திரண்டு போய்ப் பலகை எடுப்பது ஒரு வழக்கமாக இருந்ததாம். நான் வந்தபோதே அது நின்றுபோயிருந்தது. பலகை உளுத்துவிட்டது, எடுக்க ஆளில்லை, எல்லாவற்றுக்கும் மேல், எடுக்க மனசில்லை. ஒரு வறட்சி வருஷத்துக்குப் பிறகு ஊர்க்கூட்டம் போட்டு, தூண்களுக்கு நடுவே செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசி ஒரேயடியாக அடைத்துவிட்டார்கள்.

முன்னின்று செய்தவர் என் வீட்டுக்காரர். கிடாய் வெட்டி விருந்து வைத்தார்கள். "இனிச் சொட்டுத் தண்ணி வெளிய போகாதுங்க" என்று மைக் பிடித்துப் பேசினார். நான் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டே, "நெறஞ்சா எங்கீங்க போகும்?" என்று கேட்டேன். பந்தியே சிரித்தது. "நெறையட்டும் அம்மணி, அந்தப் பாக்கியம் வரட்டும்" என்றார் ஒருவர். குளம் நிறையும் என்பதே அவர்கள் கற்பனைக்கு எட்டவில்லை. எங்கள் கோபிப் பக்கம் சின்னக் குழந்தைகூட இந்தத் தப்பைச் செய்யாது. தண்ணீருக்கு ஏங்கி ஏங்கியே வளர்ந்தவர்களால்தான் செய்ய முடியும்.

கலிங்கிலிருந்து வழிகிற தண்ணீர் ஊருக்குக் கிழக்கே ஓடும் பள்ளத்து ஓடைக்குப் போய்ச் சேர வேண்டும். போகிற வழியில்தான் எங்கள் மஞ்சக்காடு, கிணறு, வீடு எல்லாம். என் மாமனார் காலத்திலேயே அங்கே வாய்க்கால் என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தாழ்ந்த வாட்டமும் முள்ளுப் புதரும்தான். அவர் வண்டி வண்டியாகக் குளத்து வண்டலை அடித்து நிரவி, அதைக் காட்டோடு காடாகச் சேர்த்துவிட்டார். அந்த இடத்தில் விளைந்த மஞ்சளுக்குத்தான் ஈரோட்டில் எங்களுக்கு நல்ல பேர்.

கரைக்கு நேர் கீழே, ஆகத் தாழ்வான இடத்தில் ஒரு தெரு. எங்கள் காடுகளில் வேலை செய்கிற சனங்கள் குடியிருப்பது அங்கே. கடைசி வீட்டுக்காரிக்கு என் வயசு. மஞ்சள் நடுவதிலிருந்து வேகவைப்பது வரை எங்களுக்கு அவள்தான் ஆள் சேர்த்துக்கொண்டு வருவாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். என் வாய்க்கு ஈடு கொடுக்க ஊரில் அவளை விட்டால் ஆளில்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியோடு சரி. ஓட்டு வீடு ஒழுகி ஒழுகிப் பொறுக்க முடியாமல், தலையை அடகு வைக்காத குறையாகக் கஷ்டப்பட்டு, அந்த வருஷம்தான் கான்கிரீட் போட்டிருந்தாள்.

குளத்தில் நூறு நாள் வேலை நடக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அவளைச் சீண்டுவார். "மரத்தடியில உக்காந்து கதை பேசறதுக்குக் கூலியா?" என்பார். அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்வாள். "ஏனுங்க, இந்தக் கொளமே அந்தக் காலத்து நூறு நாள் வேலைதானுங்க. எங்க சனம் வெட்டுச்சு, நீங்க கெணத்துல மோட்டார் போட்டு எறைக்கறீங்க." அவர் மீசையைத் தடவிக்கொண்டு மெதுவாக நழுவிவிடுவார்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வானம் பிளந்துகொண்ட மாதிரி அப்படி ஒரு மழையை நான் கோபியில்கூடப் பார்த்ததில்லை. குளம் நிறைந்த அன்றைக்கு ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்பியது. பெண்கள் மஞ்சளும் பூவும் தூவிக் கும்பிட்டார்கள். ஆண்கள் செல்போனில் படம் பிடித்துக் கோயமுத்தூரில் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் பட்டறை வைத்திருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை அழைப்பில் நிற்கிற மாதிரி பூரித்துப்போய் நின்றார்.

மறுநாளும் மழை விடவில்லை. மதகை முழுக்கத் திறந்துவிட்டும் தண்ணீர் இறங்கவில்லை. கரை உச்சிக்கு ஒரு சாண்தான் பாக்கி. காலையில் கரையின் அடியில், தெருப் பக்கம், மண் வியர்க்க ஆரம்பித்தது. சித்த நேரத்தில் அது கசிவானது, கசிவு சின்ன ஓட்டமானது. அதற்குப் பிறகு யாரும் படம் பிடிக்கவில்லை. தெருச் சனங்களையெல்லாம் அவசர அவசரமாகப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம். அவள் மட்டும் வரவில்லை. வாசலில் முக்காலி போட்டு, தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி அம்மணி. கரை ஒடஞ்சா உன்னையும் சேத்து வாரிக்கிட்டுப் போயிரும்" என்றேன்.

"போகட்டுமுங்க்கா. இந்த ஊடு போச்சுன்னா இன்னொன்னு கட்ட எனக்கு ஆயுசு இல்லீங்க."

"ஊடு பெருசா, உசுரு பெருசா?"

"ஊடு இருக்கறவங்களுக்கு உசுரு பெருசுங்க" என்றாள்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல், "என்னைய எழுப்பறத உட்டுப்போட்டு அந்தக் கலிங்க ஒடைக்கச் சொல்லுங்க" என்றாள்.

சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கரைமேல் ஏறினேன். ஆம்பிளைகள் குடை பிடித்துக்கொண்டு யோசனை செய்துகொண்டிருந்தார்கள். கோயமுத்தூர்ச் சீமையில் பிறந்தவனுக்கு எதற்கெடுத்தாலும் மெசின் வேண்டும். ஜேசிபி ஒன்றை வரவழைத்திருந்தார்கள். அது கரையடிச் சேற்றில் அச்சு வரை இறங்கி அசையாமல் நின்றது. அதிகாரிகள் கிளம்பிவிட்டார்கள், ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது என்று போனில் செய்தி. கையால் உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று எல்லாருக்கும் தெரியும். உடைத்தால் தண்ணீர் எங்கே பாயும் என்பதும் தெரியும். அதனால் எல்லாரும் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒடச்சா நம்ம மஞ்சக்காடு மொத்தமும் போயிரும் புள்ள. கெணறும் மண்ணு மூடிப்போயிரும்" என்றார் என்னிடம் மெதுவாக. "மேக்க வெளுத்திருக்குது. சித்த நேரத்துல மழை விட்டாலும் விட்டுரும். பாக்கலாம்."

"தனக்கு மிஞ்சித்தானுங்களே தானமும் தருமமும்" என்று பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதினார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "பாக்கறீங்களா? அவ அங்க வாசல்ல உக்காந்துட்டு இருக்கறா, நீங்க கொடை புடிச்சுட்டு நின்னு பாக்கறீங்களா? மஞ்ச போச்சுன்னா அடுத்த வருசத்துக்கு வெதைக்கெழங்கு சந்தையில கெடைக்கும். அவளுக்கு எந்தச் சந்தையிலீங்க ஊடு விக்கறாங்க?" என்று கத்தினேன். தருமம் பேசியவரையும் விடவில்லை. அவரிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதினால் அச்சுக்கு ஆகாது.

கீழே கிடந்த சம்மட்டியை நானே எடுத்தேன். அடிவயிறு வரை இழுத்தது, அவ்வளவு கனம். என் வீட்டுக்காரர் குடையைப் போட்டுவிட்டு வந்து அதைப் பிடுங்கினார். "குடுத்துத் தொலை. உன்ற கைக்கு அது அடங்காது."

வேப்பமரத்தில் கயிறு கட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். அவரே பக்கத்தில் நின்று கலவை போட வைத்த சிமெண்ட், லேசில் விடுமா? மாற்றி மாற்றி அடித்தார்கள். செங்கல் சிதறியது, சம்மட்டிக் காம்பு ஒன்று உடைந்தது. தவறி விழுந்த அடிகளுக்குக் கல்தூண்கள் இம்மிகூட அசையவில்லை. நடுவில் இருந்த அடைப்புகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்ததும் தண்ணீர் ஒரு கத்துக் கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தது. எல்லாரும் கயிற்றைப் பிடித்து மேலே தாவினார்கள்.

மஞ்சள் இலைகள் ஒரு நொடியில் முழுகிப்போயின. எனக்கும் அது ஒரு வருஷத்துப் பாடு, பொய் சொல்லமாட்டேன். செவ்வண்டலாகத் தண்ணீர் காடு முழுக்கப் பரவியது. அடுத்து கிணறு, அதற்கடுத்து எங்கள் வீடு என்று நான் மனசுக்குள் ஒப்புக்கொடுத்துவிட்டேன். அப்போதுதான் அது நடந்தது. பரவிக்கொண்டிருந்த தண்ணீர் ஓரங்களை விட்டு மெல்ல மெல்ல உள்ளே ஒதுங்கியது. காட்டின் நடுவே ஒரு கோடு தெரிந்தது. எல்லாத் தண்ணீரும் அந்தக் கோட்டுக்குள் இறங்கி, இரைச்சல் மாறி, ஒரே ஓட்டமாக ஓட ஆரம்பித்தது. கிணற்றுப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் வீட்டுப் பக்கமும் வரவில்லை. தெரு இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வளைந்து பள்ளத்தைப் பார்த்து ஓடியது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "அட சாமி" என்று யாரோ சொன்னது மட்டும் கேட்டது. பொழுது சாய்வதற்குள் குளம் இரண்டு முழம் இறங்கியது. கரையின் கசிவு குறைந்து நின்றது.

மழை வெறித்த பிறகு போய்ப் பார்த்தோம். மாமனார் அடித்த வண்டல் முழுவதையும் தண்ணீர் அறுத்துக்கொண்டு போயிருந்தது. அடியில் கல். கலிங்கிலிருந்து பள்ளம் வரைக்கும், தரையும் இரு பக்கச் சுவரும் கல்லால் அடுக்கிய வாய்க்கால். இத்தனை வருஷம் எங்கள் மஞ்சளுக்கு அடியில் படுத்துக் கிடந்திருக்கிறது. உழவு ஓட்டினோம், பார் பிடித்தோம், உரம் போட்டோம், கிழங்கு வெட்டினோம். ஒரு கல்லும் தட்டுப்படாத ஆழத்தில் அது இருந்திருக்கிறது.

நான் இறங்கி நடந்தேன். கற்களைப் படுக்கப் போட்டிருந்தால் சீக்கிரம் வேலை முடிந்திருக்கும். ஒவ்வொன்றையும் செங்குத்தாக நிறுத்தி, ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கியிருந்தார்கள். தண்ணீர் இவ்வளவு வேகமாக ஓடியும் ஒன்றுகூடப் பெயரவில்லை. கொண்டை ஊசியை எடுத்து இரண்டு கல்லுக்கு நடுவே நுழைத்துப் பார்த்தேன், போகவில்லை. வாய்க்கால் வளைகிற இடத்தில், தண்ணீர் வந்து மோதுகிற பக்கத்துச் சுவரில் மட்டும் கற்கள் ஆள் நெஞ்சகலம் இருந்தன. அந்தச் சுவருக்கு நேர் பின்னால்தான் தெரு. அந்தக் காலத்தில் அங்கே தெரு இருந்ததா, வெறும் காடா, எனக்குத் தெரியாது.

கூழுக்கு வந்தவர்கள். எவ்வளவு மண் வெட்டினாய் என்று மட்டும்தான் அளந்திருப்பார்கள். கல்லின் சந்தில் ஊசி போகிறதா என்று எவன் குனிந்து பார்த்திருக்கப் போகிறான்? மேலாகக் கொட்டி மூடியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? கூழும் அதே அளவுதான் ஊற்றியிருப்பார்கள். அப்படியும் இப்படிச் செய்திருக்கிறார்கள். எனக்குக் கோயிலில்கூட இப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. அந்த இடத்திலேயே நின்று அழுதேன்.

அவளும் வந்தாள். வளைவில் இருந்த பெரிய கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வாயிலிருந்து சண்டைப் பேச்சும் கேலிப் பேச்சும்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் குரலே வேறாக இருந்தது.

"ஏனுங்க்கா, சோத்துக்கில்லாத வயிறு இத்தப் பெரிய கல்ல எப்படீங்க தூக்குச்சு?"

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மழை நின்றதும் மனுசன் மாறிவிடுவான். வெயில் அடித்து மண் காய்ந்தது, என் வீட்டுக்காரருக்கு மஞ்சக்காட்டின் நடுவே போகிற வாய்க்கால் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. ஓரத்தில் தப்பித்த மஞ்சளைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இப்பேர்ப்பட்ட மழை நம்ம ஆயுசுல இன்னொருக்கா வராது. வண்டல் அடிச்சு மூடிப்போடலாம்" என்றார். ஊரிலும் அவருக்கு ஒத்துப் பாட ஆள் இருந்தது. கலிங்கில் உடைத்தது பாதிதான், மீதிச் சிமெண்ட் அப்படியே நின்றது. உடைத்ததையும் தை மாதத்துக்குள் பூசிவிடலாம் என்று பேச்சு. நான் சண்டை போட்டேன், சாப்பாடு வைக்காமல் இருந்து பார்த்தேன். அவர் ஹோட்டலில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

பேச்சு தெருவுக்கும் எட்டியது. மறுநாள் அவள் தன் தகரப் பெட்டியையும் பாத்திரம் பண்டங்களையும் கொண்டுவந்து எங்கள் களத்துச் சாளைக் கொட்டகையில் அடுக்கினாள். "இங்க இருக்கட்டுமுங்க்கா. மூடுனாங்கன்னா ஊடு எனக்கு நெலையில்லீங்க. இதாவது மிஞ்சட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்குப் பேசியிருப்பேன்.

அந்த வாரக் கடைசியில் ஜேசிபி வந்தது, முன்பு சேற்றில் மாட்டியதே, அதே வண்டி. டிரைவர் எஞ்சினை அணைக்காமல் தலையை நீட்டினார். "ஏனுங்க, எங்கிருந்து தள்ளறதுங்க?"

என் வீட்டுக்காரர், "இரு, காட்டறேன்" என்று வாய்க்காலுக்குள் இறங்கினார். இறங்கியவர் இரண்டு எட்டு வைத்தார், நின்றார், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அந்த மனுசன் பிறந்த நாளிலிருந்து வளைய வருகிற சொந்தக் காடு அது. வெறுங்காலோடு கல்மேல் நடந்து வளைவு வரைக்கும் போனார். அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கல்லின் சந்தை விரலால் தடவினார், அடுத்த கல்லைத் தடவினார், அதற்கடுத்ததையும் தடவினார். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

எழுந்து வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. டிரைவரைப் பார்த்துத்தான் கத்தினார்.

"கலிங்குக்கு வண்டிய உடு. அங்க மிச்சமிருக்கற சிமெண்டையும் பேத்துப் போடு. கல்லுத் தூண்ல கீறல் உழுந்துச்சு, மண்டைய ஒடச்சுப்போடுவேன்!"

மத்தியானம் அவள் சாளைக்கு வந்தாள். பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். சேலைத் துணியைச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒரு கை புடிங்க்கா, ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

தூக்கி வைத்தேன்.